கொய்யாவைச் சீவி அனுப்ப வேண்டாம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

சில நாள்களாக நம் பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பழத்தோல் பற்றிய பேச்சு சூடாக ஓடிக்கொண்டிருக்கிறது. பள்ளி உணவுத் திட்டத்தில் கொய்யாவையும் ஆப்பிளையும் தோல் சீவாமலே பிள்ளைகளுக்குத் தருகிறார்களே, சிற்றுண்டிச்சாலைக்காரருக்கு அவ்வளவு சோம்பலா என்று ஒரு தாயார் கேட்டிருந்தார். அடுத்த நாளே இன்னொருவர், எந்தப் பழத்தின் தோலையும் வீசாதீர்கள், மங்குஸ்தீன் தோலைக் கொதிக்கவைத்துக் குடித்தால் இனிப்புநீர் (நீரிழிவு) ஓடிப்போகும் என்று ஒரு காணொளியைத் தட்டிவிட்டார். இரண்டுக்கும் சேர்த்துப் பதில் சொல்லவே இந்தக் கடிதம்.

முதலில் சிற்றுண்டிச்சாலைக்காரரை விட்டுவிடுங்கள். தோலோடு கொடுங்கள் என்று சொன்னது நான்தான்.

ஓய்வு நேரம் முடிந்த கையோடு குப்பைத் தொட்டிப் பக்கம் வந்து பார்த்தால் காரணம் புரியும். வீட்டிலிருந்து சீவி, துண்டு போட்டு வந்த ஆப்பிள்கள் டப்பாவில் இருந்தபடியே தொட்டிக்குள் விழுகின்றன. விடிகாலை ஐந்தரை மணிக்கு, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் நீங்கள் சீவியவை அவை. பத்து மணிக்கு டப்பாவைத் திறக்கும்போது பழுப்பேறி, ஓரம் துவண்டு கிடக்கின்றன. "அழுகிப் போச்சு டீச்சர்" என்கிறார்கள் பிள்ளைகள். அழுகவில்லை, வெட்டிய சதையில் காற்றுப் பட்டதும் அதிலுள்ள நொதி வேலை செய்து நிறத்தை மாற்றிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் ஏழு வயதுப் பிள்ளையிடம் நொதியைப் பற்றிப் பேசி ஆப்பிளை விற்க முடியாது. முழுப் பழத்தைத் தோலோடு கொடுத்தனுப்பியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. உங்களுக்கும் காலையில் ஒரு வேலை மிச்சம்.

தோலில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்பீர்கள். வெயிலையும் பூச்சியையும் முதலில் எதிர்கொள்வது தோல்தான். ஆகவே தன்னைக் காத்துக்கொள்ள மரம் உண்டாக்கும் வேதிப்பொருள்களில் பெரும்பகுதி அங்கேதான் சேர்கிறது. ஆப்பிளின் சிவப்பு நிறமி தோலில் இருக்கிறது. குவெர்செட்டின் என்று ஆய்வாளர்கள் அடிக்கடி பேசும் பொருளும் ஆப்பிளில் பெரும்பாலும் தோலில்தான் உண்டு. இருந்தாலும் என்னைக் கேட்டால், இந்தப் பெயர்களையெல்லாம் பின்னால் வைத்துக்கொள்ளலாம். நம் பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது நார்ச்சத்து.

நடுத்தர அளவு ஆப்பிள் ஒன்றில் தோலோடு ஏறக்குறைய 4.4 கிராம் நார்ச்சத்து உண்டு. சீவிவிட்டால் பாதிதான் மிஞ்சும். பிள்ளையின் வயதோடு 5-ஐக் கூட்டினால் வருவது ஒரு நாளைக்கு வேண்டிய நார்ச்சத்து, கிராம் கணக்கில். இது பொதுவாகச் சொல்லும் எளிய கணக்கு. 7 வயதுப் பிள்ளைக்கு 12 கிராம். அதில் மூன்றில் ஒரு பங்கை ஒரே ஓர் ஆப்பிள் கொடுத்துவிடுகிறது, நாம் கத்தியை எடுக்காமல் இருந்தால்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு வரும் பிள்ளைகளை நாங்கள்தான் பார்க்கிறோம். மெதுவாக விசாரித்தால் பலருக்கு மலச்சிக்கல். காலை உணவு வெள்ளை ரொட்டியும் மைலோவும், மதியம் வறுத்த கோழியும் சோறும், மாலையில் பொட்டலத் தின்பண்டம். நார் எங்கிருந்து வரும்? போதாக்குறைக்கு, பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் அடக்கிவைக்கிறார்கள். கழிப்பறைத் தாழ்ப்பாள் எங்கள் பொறுப்பு, மாற்றிக்கொண்டிருக்கிறோம். சாப்பாடும் தண்ணீரும் உங்கள் பக்கம். தண்ணீர் என்று சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு: நார்ச்சத்தைக் கூட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிக்கல் இன்னும் இறுகும்.

அப்புறம் இனிப்புநீர். 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி நம் மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். நம் தோட்டக் குடியிருப்பு வீடுகளில் மாத்திரை டப்பா இல்லாத அலமாரி எத்தனை என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம். பழத்தின் சர்க்கரையும் சர்க்கரைதானே என்று சிலர் பிள்ளைக்குப் பழமே கொடுப்பதில்லை. அதே வீட்டில் பாக்கெட் பழச்சாறு மட்டும் குளிர்பெட்டியில் இருக்கும். 2013-இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 1,87,000-க்கும் மேற்பட்டவர்களின் பல ஆண்டு உணவுப் பழக்கத்தை அலசினார்கள். பழத்தைப் பழமாகவே தின்றவர்களிடம், குறிப்பாக புளூபெரி, திராட்சை, ஆப்பிள் தின்றவர்களிடம், இரண்டாம் வகை நீரிழிவு குறைவாகக் காணப்பட்டது. சாறாகக் குடித்தவர்களிடம் கூடுதலாக இருந்தது. தோலை மட்டும் தனியாக நிறுத்துப் பார்த்த ஆய்வு இல்லை இது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த மூன்று பழங்களையும் நாம் தோலோடுதானே தின்கிறோம். நாரும் தோலும் சேர்ந்து இருக்கும்போது சர்க்கரை இரத்தத்தில் மெல்லக் கலக்கும். மென்று தின்பதால் வயிறும் சீக்கிரம் நிறையும்.

கொய்யாவைப் பற்றி நான் உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பீடோர் என்றாலே வெளியூர்க்காரர்களுக்குக் கொய்யாதான் நினைவுக்கு வரும். பழைய கூட்டரசுச் சாலையோரக் கடைகளில் காரை நிறுத்தி விதையில்லாக் கொய்யா வாங்கிப் போகிறார்கள். கடைக்காரர் சீவுவதில்லை. கழுவி, கத்தியால் நாலைந்து வெட்டு வெட்டி, பையில் போட்டு, அசாம்போய்த் தூளை (உப்பிட்டு உலர்த்திய பிளம் பழத்தூள்) சேர்த்துத் தருகிறார். அதைக் காசு கொடுத்துத் தின்கிற நாம், அதே கொய்யாவை வீட்டில் சீவுகிறோம்! 100 கிராம் கொய்யாவில் ஏறக்குறைய 228 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. அதே அளவு ஆரஞ்சுச் சுளையில் 53 தான். அதுவும் கொய்யாவின் தோலிலும் தோலை ஒட்டிய சதையிலும்தான் அதிகம். கத்தி முதலில் எடுத்துப் போடுவது அந்தப் பகுதியைத்தான். அசாம்போய்த் தூளை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், அதில் உப்பும் சர்க்கரையும் தாராளம்.

தோல் தின்பது நமக்குப் புதிய சங்கதியும் அல்ல. எலுமிச்சை ஊறுகாயிலும் நார்த்தங்காய் ஊறுகாயிலும் நாம் ருசித்துத் தின்பது பாதிக்கு மேல் தோல்தான். பீர்க்கங்காய்த் தோல் துவையல் தெரியாத பாட்டி நம் தோட்டத்தில் இருக்க மாட்டார். நரம்பு முற்றாத பிஞ்சுக் காயின் தோலைப் பொடியாக நறுக்கி, நல்லெண்ணெயில் பச்சை வாடை போகும்வரை வதக்கி, வறுத்த உளுந்து, காய்ந்த மிளகாய், கொஞ்சம் புளி, ஒரு பிடி தேங்காய் சேர்த்துக் கரகரவென்று அரைத்தால் இரண்டு கவளம் சோறு கூடுதலாக இறங்கும். வாழைக்காய்த் தோலிலும் இதே பக்குவம்தான். கொஞ்சம் துவர்க்கும், புளியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். தர்பூசணியின் பச்சைத் தோலை மட்டும் சீவிவிட்டு, வெள்ளைப் பகுதியைப் பாசிப்பருப்போடு கூட்டு வைக்கலாம், சுரைக்காய் போலவே இருக்கும்.

இதனால் எல்லாத் தோலும் நல்லது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். மாம்பழம் முந்திரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டால் நம் தோல் வெந்துபோவது பெரியவர்களுக்குத் தெரியும். அந்த வகைப் பொருள் மாங்காய்ப் பாலிலும் தோலிலும் கொஞ்சம் உண்டு. சிலருக்கு ஒன்றும் செய்யாது, சிலருக்கு உதட்டோரம் அரித்துக் கொப்பளிக்கும். உங்கள் பிள்ளை இரண்டாவது வகை என்றால் மாம்பழத்தைச் சீவித்தான் கொடுக்க வேண்டும். பப்பாளித் தோலில் பால், அன்னாசித் தோல் முள், ரம்புத்தான், மங்குஸ்தீன் தோல் எல்லாம் வாயில் வைக்கும்படியானவை அல்ல. மரவள்ளிக்கிழங்கின் தோலைத் தப்பித்தவறியும் சமைக்காதீர்கள். சயனைடு தரும் பொருள் கிழங்கைவிடத் தோலில் அதிகம். சப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் மரவள்ளியே சோறாக இருந்தபோதும் நம் பாட்டிமார்கள் தோலை உரித்துவிட்டுத்தான் அவித்தார்கள். பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்குத் தோலும் வேண்டாம்.

சீனப் புத்தாண்டுக்கு வரும் மாண்டரின் ஆரஞ்சுத் தோலில் துவையல் அரைக்கலாமா என்று ஒரு தாயார் கேட்டார். தொலைதூரம் கப்பலில் வரும் ஆரஞ்சு வகைப் பழங்களில், பூசணம் பிடிக்காமலிருக்கப் பறித்த பிறகும் மருந்து பூசுவது வழக்கம். தோலைத் தின்ன ஆசை என்றால் வீட்டுக் கொல்லையில் காய்க்கும் எலுமிச்சையும் நார்த்தையும் போதும்.

இப்போது உங்களில் பலருடைய உண்மையான கவலைக்கு வருகிறேன்: பூச்சிமருந்து. தோட்டத்தில் மருந்து அடிக்கும் வேலை பார்த்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்தப் பயம் நியாயமானது. பழ ஈ கொட்டாமலிருக்கக் கொய்யாவைப் பிஞ்சிலேயே பையால் மூடிக் கட்டிவிடுகிறார்கள் என்பது உண்மைதான். அதற்காகக் கழுவாமல் தின்னக் கூடாது. ஓடும் தண்ணீரில் வைத்து, பழம் முழுவதையும் கையால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். சீவப் போகிற பழமாக இருந்தாலும் முதலில் கழுவுங்கள். இல்லையென்றால் தோல் மேலுள்ள அழுக்கையும் கிருமியையும் கத்தியே உள்ளே கொண்டுபோய்விடும். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், குளோராக்ஸ் போன்ற வெளுப்பான் வேண்டவே வேண்டாம். 2017-இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிளில் இரண்டு பூச்சிக்கொல்லிகளைத் தடவிச் சோதித்தார்கள். தோல் மேல் படிந்திருந்ததை நீக்கியதில் ஆப்பச்சோடாக் கரைசல்தான் முன்னால் நின்றது. அரை லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, பதினைந்து நிமிடம் ஊறல், பிறகு நல்ல தண்ணீரில் ஓர் அலசல். உள்ளே ஊடுருவிய கொஞ்சத்தை அதனாலும் எடுக்க முடியவில்லை. அது சீவினால்தான் போகும் என்பதும் அதே ஆய்வு சொன்னதுதான். அந்தச் சின்ன அளவுக்குப் பயந்து பழத்தை விடுவதா, கழுவித் தின்பதா என்றால் நான் கழுவித் தின்பேன்.

இன்னொன்றை மாணவர்களிடம் ஏற்கெனவே கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன், நீங்களும் சொல்லுங்கள். பள்ளி வேலிக்கு வெளியே நிற்கும் ஜம்பு மரத்தடியில் விழுந்து கிடப்பதைப் பொறுக்கிச் சட்டையில் துடைத்துத் தின்கிறார்கள். வௌவால் கடித்ததுதான் இனிப்பாம். 1998-இல் நம் பேராக் மாநிலத்தில், ஈப்போ வட்டாரத்தில் தலைகாட்டிய நீப்பா நோய் மறந்திருக்காது. வௌவால் தின்று போட்ட பழத்திலிருந்து பன்றிகளுக்கும், பன்றிகளிடமிருந்து மனிதர்களுக்கும் பரவியதாகத்தான் ஆய்வாளர்கள் கண்டார்கள். 105 பேர் இறந்தார்கள். கடிபட்ட பழத்தைக் கழுவியோ சீவியோ சரிசெய்ய வேண்டாம், வீசிவிடுங்கள். எலி நடமாடும் மண்ணில் விழுந்த பழமும் அப்படித்தான்.

மங்குஸ்தீன் காணொளிக்கு வருகிறேன். அந்தத் தோலில் ஸாந்தோன் என்ற பொருள்கள் உண்டு, ஆய்வுக்கூடத்தில் அவற்றைப் பற்றி நிறையச் சோதித்திருக்கிறார்கள். அதற்காக அந்தக் கசாயம் மனிதருக்கு நீரிழிவைக் குணப்படுத்தும் என்று ஆகிவிடாது. கசாயத்தை நம்பி யாரும் கிளினிக் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இப்படிப்பட்ட காணொளிகளைக் குழுவில் போடுவதற்கு முன் தயவுசெய்து ஒரு முறை யோசியுங்கள்; அந்தக் குழு வீட்டுப்பாடம் பற்றிக் கேட்கத் தொடங்கியது.

சரி, நடைமுறைக்கு வருவோம். வரும் திங்கள் முதல் உணவுத் திட்டத்தில் கொய்யா, ஜம்பு, ஆப்பிள் மூன்றும் கழுவித் தோலோடுதான் வரும். பப்பாளி, அன்னாசி, தர்பூசணி வழக்கம்போல் தோல் நீக்கி வரும். பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆப்பிளை மெல்லிய கீற்றுகளாகவும் திராட்சையை நீளவாக்கில் நான்காகவும் வெட்டித் தரச் சொல்லியிருக்கிறேன், தொண்டையில் சிக்காமலிருக்க. வீட்டிலிருந்து கொடுத்தனுப்பும்போதும் அப்படியே செய்யுங்கள். தோல் பிடிக்கவில்லை என்று துப்புகிற பிள்ளையை ஆசிரியர்கள் திட்டமாட்டார்கள், கட்டாயப்படுத்தவும் மாட்டார்கள். பாதித் தோலைச் சீவிப் பாதியை விட்டுக் கொடுத்தால் நாளடைவில் பழகிவிடுவார்கள். ஏதாவது பழம் ஒவ்வாத பிள்ளை என்றால் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் எழுத்தில் தெரிவிக்கவும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த கோத்தோங் ரோயோங் (கூட்டுப்பணி) அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பீர்க்கங்காய்த் தோல் துவையலும் தர்பூசணிக் கூட்டும் செய்யலாம் என்று செயலாளர் சொல்கிறார். அரைக்கத் தெரிந்த பாட்டிமார்கள் இருவர் மூவர் முன்வந்தால் உதவியாக இருக்கும். அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். அம்மியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், மிக்சி இருக்கிறது.

நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்