நாட்டுப்படகு மீனவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2023–24

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஊர்ப் பஞ்சாயத்தாரே, உறுப்பினர்களே, இந்த ஆண்டு முதன்முறையாக உறுப்பினர்களாகவே வந்து அமர்ந்திருக்கும் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் தடைக்காலம் இது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான இந்த 61 நாட்களில்தான் நம் மீனுக்கு ஏலத்தில் கொஞ்சம் மரியாதை கிடைக்கிறது. அப்படிப்பட்ட நாட்களில் ஒன்றைக் கூட்டத்துக்காக விட்டுக்கொடுத்து வந்திருக்கிறீர்கள். அறிக்கையைச் சுருக்கமாக முடிக்கும்படி தலைவர் சொன்னார். முயன்று பார்த்தேன். ஒரு விஷயத்தில் மட்டும் சுருக்க முடியவில்லை.

சென்ற ஆண்டில் நம்மை விட்டுப் பிரிந்தவர்களுக்கு எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம். அவர்களில் மூத்தவர், கரையில் நின்றபடியே நீரின் நிறத்தைப் பார்த்து மீன் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்லக்கூடியவர். கடலில் மீன் படும் இடங்களைத்தான் பாடு என்கிறோம். அவருக்குத் தெரிந்த பாடுகளின் பெயர்களில் பாதியை நாம் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. எழுதாமல் விட்டதன் விலை என்ன என்பது இந்த ஆண்டு தெரிந்தது.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. இரண்டு மாதங்கள் போதிய பேர் வராததால் ஒத்திவைக்கப்பட்டது. வராதவர்கள் யார் என்று பதிவேட்டில் இருக்கிறது, இங்கே படிக்கவில்லை. தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயாக உயர்த்தி அறிவிக்கப்பட்டதை வரவேற்றுக் கடிதம் எழுதினோம். பட்டியலில் விடுபட்ட குடும்பங்களுக்காக மூன்று முறை நடந்தோம். பெரும்பாலும் வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறியிருந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார்.

இனி அந்த ஒரு விஷயம்.

மத்திய அரசு 2019 ஜனவரியில் வெளியிட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி, ஒவ்வொரு கடலோர மாநிலமும் தன் கரைக்கு ஒரு மேலாண்மைத் திட்டமும் வரைபடமும் தயாரிக்க வேண்டும். எந்த இடத்தில் கட்டலாம், எங்கே கூடாது, எது அலையாத்திக் காடு, எது மீனவர் குடியிருப்பு என்பதையெல்லாம் இனி அந்தப் படம்தான் சொல்லும். வரைவை மக்கள் முன் வைத்து மாவட்டந்தோறும் கருத்துக் கேட்க வேண்டும் என்பதும் விதி. தமிழ்நாட்டில் அந்தக் கூட்டங்கள் 2023-இல் நடந்தன. நம் சங்கத்திலிருந்து ஒரு வேன் நிறையப் போனோம்.

சுவரில் படங்கள் தொங்கின. நல்ல வண்ணங்கள். பெயர்கள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தன. நம் ஊரைத் தேடிக் கண்டுபிடிக்கவே நேரம் பிடித்தது. கண்டுபிடித்த பிறகு, கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. கோயிலுக்குத் தெற்கே நாம் கருவாடு காயப்போடும் திடல் படத்தில் வெறும் மணல். படகுகளை இழுத்து நிறுத்தும் இடம் வெறும் மணல். வலை பின்னும் புன்னை மரத்தடி வெறும் மணல். முகத்துவாரத்தில் பெண்கள் கையால் நண்டு பிடிக்கும் சேற்று மேடு, பெயரில்லாத ஒரு பழுப்புப் பட்டை. நம் தாத்தா காலத்திலிருந்து பத்து மாதம் ஆட்கள் நடமாடும் நிலம் அது. படத்தில் யாரும் இல்லை.

பேச ஆளுக்கு மூன்று நிமிடம் தந்தார்கள். "எழுதிக் கொடுங்கள், சேர்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். எழுதிக் கொடுத்தோம். ஒப்புகைச் சீட்டு கோப்பில் பத்திரமாக இருக்கிறது. மனு பரிசீலனையில் இருப்பதாக ஒரு கடிதமும் வந்தது. கடலோடியைக் கேட்டால், பரிசீலனை என்பது காற்றில்லாத பாய் என்பான்.

ஒரு கணக்கை உறுப்பினர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சுவரில் தொங்கிய படம் 1:25,000 அளவில் ஆனது. அதில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 250 மீட்டர். நம் கருவாட்டுத் திடலின் நீளம் 80 மீட்டர்கூட இராது. நெல்மணி அளவுக்குத்தான் அது படத்தில் விழும். அதற்குப் பெயர் எழுத இடமே கிடையாது. ஆனால் அதே விதிகள் 1:4,000 அளவில் ஊர்மட்டப் படங்களையும் கேட்கின்றன. அதில் ஒரு சென்டிமீட்டருக்கு 40 மீட்டர். திடல் விரல் நகத்தைவிடப் பெரிதாகத் தெரியும். மீனவர் ஊர்கள், அவர்களின் பொது இடங்கள், படகுத் துறைகள், ஐஸ் தளங்கள், மீன் உலர்த்தும் தளங்கள், பள்ளி, மருத்துவமனை, சாலை எல்லாம் அதில் குறிக்கப்பட வேண்டும் என்று விதியே பட்டியல் போடுகிறது. ஆக, நாம் கேட்டது சலுகை அல்ல, ஏற்கெனவே எழுதி வைத்திருப்பதைத்தான்.

இதில் வீட்டுப் பிரச்சினையும் இருக்கிறது. அதே அறிவிக்கையில், ஊரகக் கடலோரம் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் இடம் என்றால், கட்டக்கூடாத பகுதி, ஏற்றத்தில் கடல்நீர் எட்டும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டர். அதற்குக் குறைவு என்றால் 200 மீட்டர். நாம் எந்தப் பக்கம் விழுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் நாளை மகனுக்கு ஒரு சுவர் எழுப்ப முடியுமா என்பது முடிவாகும். 50 மீட்டர் நமக்கு நல்லது என்று சில இளைஞர்கள் மகிழ்ந்தார்கள். அதே 50 மீட்டர் விடுதி கட்ட வருபவனுக்கும் நல்லது என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

படத்தில் நாம் இல்லை என்று புலம்பிக்கொண்டிருப்பதைவிட நாமே ஒன்று வரைவது என்று செயற்குழு முடிவு செய்தது. என் செயலாளர் காலத்தில் செய்த வேலைகளில் இதுதான் உருப்படி என்று நினைக்கிறேன். இதில் நாம் பட்ட அவமானத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் செல்பேசியை வைத்துக்கொண்டு கரை முழுக்க நடந்து இடங்களைக் குறித்தார்கள். கடலுக்குள் இருக்கும் பாடுகளைக் குறிக்கப் பெரியவர்களை உட்கார வைத்தோம். கடலடிப் பாறைத் திட்டான ஒரே பாருக்கு மூன்று பெயர்கள் சொன்னார்கள். எல்லை எங்கே என்று கேட்டதும் அண்ணன் தம்பிக்குள் பேச்சு முறிந்தது. தீர்த்து வைக்கக்கூடிய அந்த மூத்தவர் அதற்குள் போய்விட்டார்.

முகத்துவாரத்துக்கு வந்தபோது ஆண்கள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எந்த மாதத்தில் எந்த மேடு வெளியே வரும், நண்டு எங்கே, மட்டி எங்கே, வாய்க்கால் எப்போது அடைபடும் என்பதெல்லாம் அங்கே தினம் இறங்கும் பெண்களுக்கே தெரிந்திருந்தது. அவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டு, கையெழுத்து மட்டும் ஆண்கள் போடுவதா என்று ஒருவர் கேட்டார். கேட்டவர் என் மனைவி என்பதால் விவாதத்தில் நான் நடுநிலையாக இருந்ததாகச் சொல்ல மாட்டேன். சங்க விதி திருத்தப்பட்டது. கரையோரத் தொழில் செய்யும் பெண்கள் முழு உறுப்பினர்கள் ஆனார்கள். இதை எதிர்த்து வெளிநடப்புச் செய்தவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்துவிட்டார்கள். மீதிப் பேருக்கும் நாற்காலி போட்டிருக்கிறோம். பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்கள், எத்தனை நாள் எடுப்பது, எப்படி எடுப்பது என்று தங்களுக்குள் வரம்பு வைத்துக்கொண்டு, அதை வைத்தே அதிகாரிகளிடம் பேசினார்கள். நமக்கு அந்தப் புத்தி வரத் தாமதமாகிவிட்டது.

வரைந்த படத்தை மனுவுடன் அனுப்பினோம். கூடவே இன்னொன்றையும் கேட்டோம். மாவட்ட ஆட்சியர் தலைமையில் அமையும் கடலோர மண்டலக் குழுவில், மீனவர் உள்ளிட்ட உள்ளூர்ப் பாரம்பரியக் கடலோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த மூவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், எத்தனை முறை கூப்பிட்டார்கள், கூட்டக் குறிப்பு எங்கே கிடைக்கும் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டிருக்கிறோம். பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்போது மாநிலச் சட்டத்துக்கு வருகிறேன். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடி மாநிலத்தின் பொறுப்பு. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் வந்தது. எழுபதுகளில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் கடலில் நடந்த சண்டையில்தான் அது பிறந்தது. கட்டுமரத்திலும் நாட்டுப்படகிலும் தொழில் செய்பவர்களைக் காப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. அன்றைய விதியில் கரையோர 3 கடல் மைல் நமக்கென்று ஒதுக்கப்பட்டது. இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி வலையும், மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அள்ளும் சுருக்குமடி வலையும் 2000-இல் தடை செய்யப்பட்டன. தாளில் குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் நள்ளிரவில் நம் வலையை அறுத்துக்கொண்டு போகும் படகைப் பார்ப்பவன் நாம். பார்ப்பவனுக்குச் சட்டத்தில் வேலை எதுவும் இல்லை. அதிகாரிக்கு வேலை உண்டு. அதிகாரியிடம் படகு இல்லை, படகு இருந்தால் டீசல் இல்லை.

பாக் விரிகுடாவில் ஓரளவு நிலைத்து நிற்கும் ஏற்பாடு எது என்று யோசித்துப் பாருங்கள். வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு. திங்கள், புதன், சனி அவர்களுக்கு. அடித்துக்கொண்ட இரு தரப்பும் அதிகாரிகள் முன்னிலையில் உட்கார்ந்து பேசி வந்த முடிவு அது. மீறல் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமை நம் கடலில் ஒரு விசைப்படகைக் கண்டால் அவர்கள் துறையிலேயே அது தப்பு என்று சொல்ல ஆள் இருக்கிறது.

அண்டை மாநிலமான கேரளம் தன் 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, ஊர், மாவட்டம், மாநிலம் என மூன்று அடுக்கில் மீன்வள மேலாண்மைக் குழுக்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. எந்த மீனை எந்த அளவுக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்று 58 இனங்களுக்கு வரையறையும் அங்கே உண்டு. அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஊர்க் குழு என்ற சொல் சட்டத்தில் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஒருவன் கேள்வி கேட்கலாம். நம் சட்டத்திலும் அப்படியொரு பிரிவு வேண்டும் என்று அரசுக்கு எழுதியிருக்கிறோம்.

எழுதும்போது எனக்கு ஒரு உறுத்தல் இருந்தது. சென்ற ஐப்பசியில் நம் உறுப்பினர் ஒருவரே கொசுவலைக் கண்ணி போட்டு மீன்குஞ்சை அள்ளினார். ஊர்ப் பஞ்சாயத்து அபராதம் விதித்தது. "எந்தச் சட்டத்தில் இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு அவர் கட்டாமல் போய்விட்டார். மூன்று மாதம் யாரும் அவரிடம் பேசவில்லை, பிறகு அவர் மகள் கல்யாணத்துக்கு எல்லோரும் போனோம். அபராதம் இன்னும் பாக்கி. ஊர்க் கட்டுப்பாட்டுக்குச் சட்டத்தின் முதுகெலும்பு வேண்டும்தான். ஆனால் நாளை அந்த அதிகாரம் கிடைத்தால் முதலில் நம் ஆட்கள் மீதே அதைப் பயன்படுத்த வேண்டியிருக்கும். அதற்குத் தயாரா என்று செயற்குழுவில் கேட்டேன். தேநீர் வந்துவிட்டது.

கடற்பசுக் காப்பகம் பற்றிப் பலர் கேட்டீர்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. கடற்பசுவை நாம் ஆவுளியா என்போம். அது வலையில் சிக்கினால் அறுத்து விடுவது நமக்குப் புதிதல்ல. வலைக்கு இழப்பீடு விரைவில் வர வேண்டும் என்பதே கோரிக்கை. இதிலும் குழுப் பிரச்சினைதான். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய காப்பகத்தின் மேலாண்மைக் குழுவில் ஊராட்சிப் பிரதிநிதிக்கு இடம் தருகிறது. வேளாண் துறைக்கும் கால்நடைத் துறைக்கும்கூட இடம் உண்டு. தரையை நினைத்து எழுதிய பிரிவு அது. அரசுத் தேர்தலில் வரும் ஊராட்சி மன்றம் வேறு, மீனவர்கள் நாமே நடத்தும் ஊர்ப் பஞ்சாயத்து வேறு. கடலில் கால் நனைக்காதவர் நம் கடலுக்காக அங்கே உட்காரலாம். மீனவர் ஒருவரைச் சேர்க்கும்படி கேட்டிருக்கிறோம்.

சுருக்குமடி பற்றி ஒரு வரி. 12 கடல் மைலுக்கு அப்பால் திங்கள், வியாழன் மட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் இடைக்கால உத்தரவு தந்தது. பாக் விரிகுடாவில் சில இடங்களில் 12 மைலை எட்டுவதற்குள் சர்வதேச எல்லைக் கோடு வந்துவிடும். எனவே நம் கடலில் சுருக்குமடி யாரிடம் கண்டாலும் படம் எடுத்து, நேரத்தையும் இடத்தையும் குறித்துச் சங்கத்திடம் கொடுங்கள். வாய்ச்சண்டை வேண்டாம்.

இன்று பொதுக்குழு முடிவு செய்ய வேண்டியவை இரண்டு. மாவட்டக் குழுவுக்கு நம் பக்கத்திலிருந்து பரிந்துரைக்க மூன்று பெயர்கள். அதில் ஒருவர் முகத்துவாரத்தில் தொழில் செய்யும் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது செயற்குழுவின் முன்மொழிவு. இரண்டாவது, பாடுகளின் பெயர்ப் பதிவேடு. மூன்று பெயர் இருந்தால் மூன்றையும் எழுதுவோம். வரும் ஞாயிறு மாலை புன்னை மரத்தடியில் நோட்டுடன் உட்கார்ந்திருப்பேன். கண் தெரியாத பெரியவர்கள் வீட்டுக்கு நானே வருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்