கான்கால் போகிறாய், கலா

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இங்கே எல்லாரும் நலம். முழங்கால் வலி குறைந்துவிட்டதால் சாயங்காலம் மறுபடி நடக்கப் போகிறேன்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபரில் மகளோடு பிரான்சில் பிரிட்டனிப் பக்கம் போகிறீர்கள், சிப்பியைப் பச்சையாகச் சாப்பிட நல்ல இடம் எது என்று கேட்டிருக்கிறாய். யோசிக்கவே வேண்டாம், கான்கால்தான். நீங்கள் தங்கப்போகும் சான் மாலோவிலிருந்து ரொம்பப் பக்கம். மாதமும் நல்ல மாதம். கோடையில் சிப்பி இனப்பெருக்கத்துக்குத் தயாராகும்போது சதை பால் கட்டியதுபோல் கொழகொழவென்று இருக்கும். அப்படியே விரும்பிச் சாப்பிடுகிறவர்களும் உண்டு, எனக்குப் பிடிக்காது. குளிர் தொடங்கியபின் சதை இறுகி, சுவையும் சுத்தமாக இருக்கும்.

அங்கே போனதும் கடலைப் பார்த்த ஓட்டல்கள் வரிசையாக உன்னை இழுக்கும். உள்ளே போய்விடாதே. துறைமுகத்தின் கோடியில், சின்னக் கலங்கரை விளக்கத்தின் பக்கத்தில், கோடு போட்ட துணிப் பந்தல்களோடு சிப்பிக் கடைகள் இருக்கும். நேரே அங்கே போ. கூடைகளில் எண் எழுதி வைத்திருப்பார்கள். குழியாக இருக்கும் வகையில் எண் குறையக் குறையச் சிப்பி பெரிசு. முதல் தடவை என்பதால் மூன்றாம் எண்ணோ நான்காம் எண்ணோ வாங்கு, அதுதான் வாய்க்குச் சரியான அளவு. பக்கத்திலேயே வட்டமாய், தட்டையாய் இன்னொரு வகை இருக்கும். அதுதான் ஐரோப்பாவின் சொந்தச் சிப்பி. குழிச் சிப்பியின் பூர்வீகம் ஜப்பான் பக்கம். தட்டைச் சிப்பியை 1970, 80களில் ஒட்டுண்ணி நோய்கள் தாக்கி, வளர்ப்பு பெருமளவு அழிந்தது. இன்றும் அது குறைவாகத்தான் கிடைக்கிறது, அதனால் விலையும் கூடுதல். கடைசியில் நாக்கில் ஒரு உலோகச் சுவை நிற்கும். எனக்கு அதுதான் உசத்தி. கொஞ்சமாவது வாங்கிப் பார்.

திறந்து தரச் சொல்லிவிட்டு, கடைக்காரரின் கையைக் கவனி. ஒரு துணியை மடித்து, குழிவான பக்கம் கீழே இருக்கும்படி சிப்பியைப் பிடித்து, பக்கவாட்டில் கத்தி முனையைச் செருகுவார். மேல் ஓட்டை ஒட்டியே கத்தியை நகர்த்தி, இரண்டு ஓட்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் தசையை அறுத்ததும் மூடி தானாகத் தளரும். உள்ளே இருக்கும் நீரைச் சிந்தாமல் தட்டில் வைப்பார். அந்த நீர் தெளிவாகவும் நிறையவும் இருக்க வேண்டும், கடல் மணம் மட்டும்தான் வர வேண்டும். வற்றிக் கிடந்தாலோ வேறு வாடை அடித்தாலோ தொடாதே. திறப்பதற்கு முன்பே வாய் பிளந்திருந்து, தட்டினாலும் மூடாத சிப்பி செத்தது, அதை வாங்கவே கூடாது. எந்த ஊரில் சாப்பிட்டாலும் நான் இதைத்தான் பார்ப்பேன்: நம் கண்ணெதிரே திறக்கிறார்களா, வந்த சரக்கு மளமளவென்று விற்கிறதா. அழகான மேசை விரிப்பை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

முதல் சிப்பிக்கு எலுமிச்சை பிழியாதே. வெறுமனே சாப்பிடு, அதுவும் மென்று சாப்பிடு. அப்படியே விழுங்கிவிட்டால் உப்பு மட்டும்தான் தெரியும். மெல்லும்போதுதான் உப்புக்குப் பின்னால் ஒரு இனிப்பு வரும். அப்புறம் எலுமிச்சையோ, வெங்காயம் ஊறிய வினிகரோ உன் இஷ்டம்.

தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கரையோரக் கல்படியில் உட்கார். வானம் தெளிவாக இருந்தால் வளைகுடாவுக்கு அப்பால், உச்சியில் மடாலயத்தோடு நிற்கும் மோன் சான் மிஷேல் தீவு தெரியும். கடல் உள்வாங்கும் நேரமாகப் பார்த்துப் போனால் இன்னும் விசேஷம். அந்த வளைகுடாவில் பெரிய ஓதங்களின்போது நீர்மட்டம் 14 மீட்டர் வரைகூட ஏறி இறங்கும். தண்ணீர் விலகியதும் இரும்புச் சட்டங்களின் மேல் அடுக்கிய சிப்பிப் பைகள் வெளியே தெரியும், டிராக்டர்கள் சேற்றில் இறங்கி வேலைக்குப் போகும். நீ கையில் வைத்திருக்கும் சிப்பி ஏறக்குறைய மூன்று வருஷம் அங்கே கிடந்து, வரும் தண்ணீரையெல்லாம் வடிகட்டித் தின்று வளர்ந்தது. சாப்பிட்ட ஓட்டைக் கீழே கரையிலேயே போட்டுவிடலாம், அங்கே எல்லாரும் அப்படித்தான்.

இன்னொன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. உன் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருக்கிறது. அவர் பச்சையாகச் சாப்பிட வேண்டாம். சிப்பியில் விப்ரியோ என்ற கிருமி இருக்க வாய்ப்புண்டு. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் வயிற்றோடு போய்விடும், சர்க்கரை, கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு அது ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வெதுவெதுப்பான கடலில் அது அதிகம், கான்கால் கடல் குளிர்ந்ததுதான். ஆனாலும் அவர் விஷயத்தில் துணிய வேண்டாம். எலுமிச்சை, மிளகாய், ஒயின் எதுவும் கிருமியைக் கொல்லாது, நன்றாக வெந்தால்தான் சாகும். சூடாகச் சமைத்த சிப்பி தரும் ஓட்டல் துறைமுகத்திலேயே இருக்கும், அவருக்கு அதை வாங்கிக் கொடு. ஜப்பானில் ஹிரோஷிமாவை அடுத்த மியாஜிமாவில் ஓட்டோடு தீயில் சுட்டுத் தருவார்கள். அவருக்காக ஒரு தடவை அங்கேயும் போய்வாருங்கள்.

நியூயார்க் பற்றியும் மகள் கேட்டதாக எழுதியிருந்தாய். கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அடித்தளத்தில் ஆய்ஸ்டர் பார் என்ற சிப்பி உணவகம் 1913இல் தொடங்கியது. பல கரைகளின் சிப்பிகளை ஒரே தட்டில் வாங்கி ஒப்பிட்டுப் பார்க்க அருமையான இடம். ஒவ்வொன்றின் உப்பும் வேறு வேறாக இருப்பது அங்கே நன்றாகப் புரியும். ஆனால் முதல் சிப்பி கான்காலில்தான் இருக்கட்டும்.

பயணத் தேதி உறுதியானதும் எழுது. எந்த நாளில் எத்தனை மணிக்குக் கடல் உள்வாங்கும் என்று பார்த்துச் சொல்கிறேன். தம்பி வீட்டுக் கல்யாணப் பேச்சு என்ன ஆயிற்று? அதை எழுத மறந்துவிட்டாய்.

அன்புடன்,
மீனா