ஃப்ளட் லைட்டுக்குள் தண்ணீர்: நான்காவது முறையாக எழுதும் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கொல்லைப்புறத்துக்கு வாங்கிய உங்கள் 100 வாட் சென்சார் ஃப்ளட் லைட் இரண்டைப் பற்றி ஏற்கெனவே மூன்று புகார் எண்கள் என்னிடம் இருக்கின்றன. மூன்றையும் ‘தீர்க்கப்பட்டது’ என்று நீங்களே மூடிவிட்டீர்கள். எதுவும் தீரவில்லை. இரண்டு விளக்கின் கண்ணாடிக்குள்ளும் தண்ணீர் நிற்கிறது. ஒன்றில் எல்இடி பலகையின் செம்பு பச்சை பூத்துவிட்டது.

கடைசியாகத் தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியர், “மழையில நனைஞ்சிருக்கு, அதுக்கு வாரண்டி கிடையாது” என்றார். வெளியில் மாட்டுவதற்கென்றே விற்ற விளக்கு இது. பெட்டியில் ஐபி 66 என்று, அதாவது தூசும் நீரும் புகாத தரம் என்று, கொட்டை எழுத்தில் அச்சடித்தது நீங்கள்தான். நீரைக் குறிக்கும் அந்த இரண்டாவது 6-க்கு என்ன சோதனை என்பது உங்களுக்குத் தெரியும்: 12.5 மி.மீ. முனையிலிருந்து நிமிடத்துக்கு 100 லிட்டர் பீய்ச்சி அடித்தாலும் விளக்கைக் கெடுக்கும் அளவுக்கு நீர் உள்ளே போகக் கூடாது. எந்த மழையும் அந்த வேகத்தில் அடிப்பதில்லை. இதைச் சொல்லத் தொடங்கியதுமே அவர், “நீங்க என்ன இன்ஜினியரா?” என்று கேட்டு இணைப்பைத் துண்டித்தார். அந்த அழைப்பு உங்கள் பதிவில் இருக்கும். தயவுசெய்து அதைக் கேளுங்கள்.

தண்ணீர் எப்படிப் போனது என்பதையும் எழுதுகிறேன். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் கேஸ்கெட் வழியாக அல்ல. விளக்கிலிருந்து நீங்கள் விடும் வயர் ஒரு சாண்கூட இல்லை. அதன் முனை வெட்டியபடியே இருக்கிறது. விளக்கு எரியும்போது உள்ளே உள்ள காற்று சூடாகி விரிகிறது. திடீரென மழை பட்டுக் குளிர்ந்ததும் அது சுருங்கி வெளிக்காற்றை இழுக்கிறது. உடலில் காற்றை மட்டும் விட்டு நீரைத் தடுக்கும் பிரீதர் வால்வு கிடையாது, எனவே இழுக்கும் வழி அந்த வயர்தான். இணைப்பில் ஈரம் இருந்தால், வயருக்குள் இருக்கும் மெல்லிய செம்பு இழைகளுக்கு நடுவே திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அது உள்ளே எல்இடிக்கு மின்சாரம் தரும் டிரைவர் சுற்றுவரை ஏறிவிடும். இதைத் தடுக்க, இணைப்பு விளக்கின் அதே தரமுள்ள ஜங்ஷன் பாக்ஸுக்குள் இருக்க வேண்டும். வயர் கீழ்ப்பக்கமாக நுழைய வேண்டும். நுழையும் முன் வயரைச் சற்றுத் தொங்கவிட்டு வளைக்க வேண்டும். உங்கள் விளக்கத் தாளில் இதில் ஒரு வரியும் இல்லை. மாட்டிய எலக்ட்ரீஷியன் டேப் சுற்றினார் என்று இப்போது அவர்மேல் பழி போடுகிறீர்கள். அந்தத் தாளின் படத்திலும் டேப்தான் சுற்றியிருக்கிறது!

இன்னொன்று. சென்சாரின் அடியில் ஒட்டியுள்ள சிறு ஸ்டிக்கரில் ஐபி 44 என்றிருக்கிறது. தெறிக்கும் நீரைத் தாங்குவதற்கான தரம் அது, பீய்ச்சும் நீருக்கானதல்ல. விளக்கும் சென்சாரும் ஒரே உடலாக விற்கப்படும்போது, பலவீனமான பாகத்தின் எண்தானே முழுப் பொருளுக்கும் பொருந்தும்? பெட்டியில் 66 மட்டும் போட்டது வாங்குபவரை ஏமாற்றுவது. இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

விளக்கை நேரில் கொண்டுவரச் சொன்னீர்கள். மூன்று மீட்டர் உயரத்திலிருந்து ஏணி வைத்து இறக்கி, வயரைப் பிரித்து, இரண்டையும் சுமந்து வந்தால், சர்வீஸ் கவுன்டரில் ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. “பெட்டியோட வாங்க” என்று திருப்பி அனுப்பினார்கள். பெட்டியோடு போனபோது, சோதனை செய்பவர் விடுப்பு என்றார்கள். முதல் தடவையே தொலைபேசியில் இதைச் சொல்லியிருக்கலாமே.

100 வாட் வேண்டும் என்று சொன்னதும் உங்கள் விற்பனைப் பிரிவுதான். 6 மீட்டருக்கு 9 மீட்டர் இடம், அதாவது 54 சதுர மீட்டர். நடமாட 20 லக்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு 20 லூமன் வெளிச்சம், தாராளம். தரையில் விழ வேண்டியது சுமார் 1,080 லூமன். பாதி வெளிச்சம் வீணாகும் என்று வைத்தாலும் சுமார் 2,160 லூமன் போதும். வாட்டுக்கு 100 லூமன் கணக்கில் எதிரெதிர் மூலைகளில் இரண்டு 10 வாட் விளக்குகளே ஏறக்குறைய அந்த வேலையைச் செய்துவிடும், நிழலும் குறையும். நீங்கள் தலையில் கட்டியது அதைப் போல பத்து மடங்கு. அதுவும் 6500 கெல்வின் என்ற பளீர் வெள்ளை நிறம், 120 டிகிரி விரிகோணம். பக்கத்து வீட்டு ஜன்னலில் பகல்போல அடிக்கிறது. மஞ்சள் கலந்த 3000 கெல்வின் இருக்கிறதா என்று கேட்டதற்கு, “அது மங்கலா இருக்கும்” என்று பதில். நிறத்துக்கும் வெளிச்சத்தின் அளவுக்கும் வித்தியாசம் தெரியாதவரா ஆலோசனை சொல்வது?

சென்சாரையும் கேட்டுக்கு நேர் எதிரே வைக்கச் சொல்கிறது உங்கள் படம். உடல் வெப்பத்தின் அசைவை உணரும் இந்த பிஐஆர் சென்சார் குறுக்கே நடப்பவரைத்தான் சட்டென்று பிடிக்கும். நேராக நோக்கி வருபவர் மிக அருகில் வந்த பிறகே எரியும். பக்கச் சுவரில் மாற்றி வைத்த பிறகுதான் அது ஒழுங்காக வேலை செய்தது, அதுவும் தண்ணீர் புகும்வரை. இப்போது மழைக்காலம் முழுக்கக் கொல்லை இருட்டில் கிடக்கிறது. வீட்டின் பாதுகாப்பே போய்விட்டது.

உங்களிடம் கேட்பது அதிகமில்லை. இரண்டு விளக்கையும் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தாருங்கள். அல்லது விளக்கு, சென்சார் இரண்டும் ஐபி 65-க்குக் குறையாத, நீளமான வயரும் பிரீதர் வால்வும் உள்ள குறைந்த வாட் விளக்குகளைத் தாருங்கள். வாரண்டியை மறுப்பதானால் காரணத்தை எழுத்தில், கையெழுத்தோடு அனுப்புங்கள். “மழை” என்று எழுதிக் கையெழுத்திட உங்களில் யார் முன்வருகிறார் என்று பார்க்கிறேன்.

நல்ல முறையில் முடிய வேண்டும் என்றே விரும்புகிறேன். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், பெட்டி, ஸ்டிக்கர், பச்சை பூத்த பலகை மூன்றின் படங்களோடும் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். விளக்குகளை அதுவரை திறக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். உள்ளே உள்ள தண்ணீரை உங்கள் ஆளே வந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
மூன்று புகார் எண்களுக்கும் உரிய வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், வாரண்டி அட்டை நகல், படங்கள் 6