குட்டியின் தலைக்கு மேலே வெடி வைக்காதே

வெள்ளவத்தை, கொழும்பு

அன்புள்ள மகன்,

நீ அனுப்பிய வீடியோவை அம்மாவும் நானும் நாலைந்து தரம் பார்த்தோம். பீகிள் நாய்க்குட்டி வடிவாய் இருக்கிறது. காது நிலத்தில் இழுபட, மூக்கை எடுக்காமல் புல்லுக்குள் ஓடுகிறதே, அந்த மூக்குத்தான் அதன் சொத்து. ஆனால் முதல் பனி விழுந்ததும் துவக்கோடு முயலுக்குக் கூட்டிக்கொண்டு போகப்போவதாய்ச் சொன்னாய். அதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. போனில் சொன்னால் "ஓம் அப்பா" என்றுவிட்டு மறந்துவிடுவாய். அதுதான் எழுதுகிறேன்.

வீரனைப் பற்றி உனக்கு முழுக்கச் சொன்னதில்லை. நெடுங்கேணியில் எனக்கு அப்போது பதினாறு வயது. அப்புவின் கிழட்டு நாயோடு ஏழு மாதக் குட்டி வீரனும் வரும். விடியப்புறம், புல்லில் ஈரம் காய முதல் போவோம்; வெயில் ஏறினால் வன்னி மண்ணில் மணம் நிற்காது. எங்கள் முயல் வளை தோண்டாது. பற்றையடியில் சின்னப் பள்ளம் பறித்துப் பதுங்கிக் கிடக்கும், காலடிக்கு வந்தால்தான் பாயும். அன்றைக்குக் குளக்கட்டுக்குக் கீழே வீரன்தான் முதலில் எழுப்பினது. நான் அந்தரப்பட்டு, குழல் வாயால் மருந்து இடித்து நிரப்பும் அப்புவின் இடியன் துவக்கை அதன் தலைக்கு மேலாலேயே வெடித்துவிட்டேன். புகை கலைந்தபோது முயலும் இல்லை, வீரனும் இல்லை.

பின்னேரம் நெல்லுப் பட்டடைக்குக் கீழே நடுங்கிக்கொண்டு கிடந்தது. பிறகு ஒருநாளும் அது வேட்டைக்கு வரவில்லை. துவக்கைக் கையில் எடுத்தாலே சலம் போய்விடும். அப்பு எனக்கு அடிக்கவில்லை. "நல்ல மூக்கைக் கெடுத்துப் போட்டாய்" என்றார், அவ்வளவுதான்.

போன தீபாவளிக்கு ஒழுங்கையில் சீனவெடி கொளுத்தினபோது, ரயில் பாதைப் பக்கம் படுக்கும் தெருநாய் எங்கள் படிக்கட்டுக்குக் கீழே வந்து ஒடுங்கியது. பக்கத்தில் போய் இருந்தேன். அதே நடுக்கம்.

அதனால் ராசா, இந்தக் குளிர்காலம் துவக்கு வீட்டிலேயே கிடக்கட்டும். குட்டியை மட்டும் கூட்டிக்கொண்டு போ. உங்கள் பக்கத்துப் பனிமுயல் விரட்டினால் வட்டமடித்து, எழும்பின இடத்துக்குக் கிட்டவே திரும்பி வரும். நீ ஓடத் தேவையில்லை, அந்த இடத்தில் நின்று குட்டியின் குரலைக் கேள். தடத்தில் ஏறினால் ஒரு குரல், தடம் தவறினால் வேறு குரல். அதை இப்போதே படித்துக்கொள். மான் தடத்தில் போனால் உடனே கூப்பிட்டு எடு; கூப்பிட்டால் வருவது எல்லாவற்றுக்கும் முதல் பழக வேண்டியது.

வெடிச் சத்தத்தை வசந்தத்தில் பழக்கலாம். சுட அனுமதியுள்ள இடத்தில், குட்டி சாப்பாட்டில் வாய் வைத்திருக்கும்போது, சிநேகிதன் ஒருவனை நூறு மீற்றருக்கு அப்பால் நிறுத்திச் சின்னத் துவக்கால் ஒரே ஒரு வெடி. தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பச் சாப்பிட்டால் நல்லது. காதை மடித்தால், வாலை இடுக்கினால் அதோடு நிறுத்து, அடுத்த கிழமை இன்னும் தூரத்தில் தொடங்கு. கிட்டக் கொண்டுவர மாதக்கணக்கு எடுத்தாலும் பரவாயில்லை.

பிறகு முயல் கிடைத்தால் உரிக்கும்போது கையுறை போடு, வடிவாய் வேகவிடு. டுலரீமியா என்ற காய்ச்சல் முயலில் இருந்து மனிதருக்குத் தொற்றும். நாங்கள் வெறுங்கையால்தான் உரித்தோம், அதைப் பார்த்து நீ செய்யாதே. எங்கள் நாய்கள் உடும்பும் பிடித்தவை. இங்கே உடும்பு இப்போது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு, அது சரியானதுதான். நீ அங்கே வகுப்புக்குப் போய், சோதனை பாஸ்பண்ணி, வேட்டைக்கு லைசென்ஸ் எடுத்ததில் எனக்குப் பெருமை.

குட்டி முதல்முறை தடத்தில் ஏறிக் குரைக்கும்போது போனில் பதிந்து அனுப்பு. படம் தேவையில்லை, சத்தம் போதும்.

அன்புடன்
அப்பா