கணக்கில் எழுதாத சிவப்புத் துணி

அன்னூர்,
ஞாயிறு மத்தியானம்.

அன்புள்ள கண்ணு,

கல்கத்தாவிலிருந்து நீ அனுப்பிய படத்தை அப்பா போனில் பெரிதாக்கிக் காட்டினார். சௌரங்கியில் வெள்ளை வெளேரென்று, கோபுரமும் கடிகாரமுமாக ஒரு மாளிகை. ‘இது ஒரு காலத்தில் ஜவுளிக்கடையாம்மா, நம்ப முடியுதா?’ என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழேயே நான் முந்தாநாள் கேட்டதற்குப் பதில்: ‘கூறைச்சேலையை நீங்களே எடுத்துருங்கம்மா, எனக்கு எதுன்னாலும் சரி.’

படத்தில் சந்தோஷம். பதிலுக்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில் ‘மீட்டிங் இருக்கும்மா’ என்று வைத்துவிடுவாய்.

அந்தக் கட்டடத்தின் கதையை அப்பா தேடிப் படித்துச் சொன்னார். ஒயிட்டவே லெய்ட்லா என்ற கம்பெனியாம். ராபர்ட் லெய்ட்லா என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1882இல் கல்கத்தாவில் தொடங்கியது. நீ பார்த்த மாளிகை எழும்பியது 1905இல். கொழும்பு, ரங்கூன், சிங்கப்பூர் என்று கிளைகள். மெட்ராஸிலும் மவுண்ட் ரோட்டில் ஒன்று. அந்த மவுண்ட் ரோட்டுக் கட்டடத்தில் பிற்பாடு சுதேசமித்திரன் பத்திரிகை குடியேறியதாம். சீமைத்துணி விற்ற வீட்டில் சுதேசமித்திரன்! இதைச் சொல்லிவிட்டு அப்பா அரை மணி நேரம் சிரித்தார்.

என் காதில் தங்கியது வேறொன்று. அந்தக் கடையில் கடன் கிடையாதாம், எல்லாம் ரொக்கம்தான். அதனால் ஒயிட்டவே லெய்ட்லா என்ற பெயரையே ‘ரைட்டவே அண்டு பெய்டு ஃபார்’ என்று கேலியாகச் சொல்வார்களாம். கையோடு எடு, கையோடு காசைக் கொடு. அதைக் கேட்டதும் எனக்கு நம் ஆத்தாவின் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் ஆத்தா, என் அப்பாவை, அதாவது உன் அப்பச்சியைப் பெற்றவள். நீ பார்த்ததில்லை.

கோயமுத்தூரில் டவுன்ஹால் பக்கம், கோனியம்மன் கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் வெள்ளைக்காரன் காலத்து ஜவுளிக்கடை ஒன்று இருந்தது. முகப்பில் சிமெண்டு எழுத்தில் ஆங்கிலத்தில் ‘ட்ரேப்பர்ஸ்’ என்று போட்டிருக்கும். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு அப்படியென்றால் என்ன என்று உன் அப்பச்சியைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. ‘கடைக்காரன் பேரா இருக்கும், வாயை மூடிட்டு வா’ என்றார். ஜவுளிக்காரர் என்று அர்த்தம் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. வால்பாறை எஸ்டேட் துரைமார்கள் கம்பளித் துணியும் காக்கி ட்ரில்லும் வாங்க இறங்கி வருவார்கள் என்று அந்தக் கடைக் கிழவர் பெருமையாகச் சொல்லுவார். துரைமார்கள் போய் வெகுகாலம் ஆகியும் தேக்கு மேஜை மட்டும் துரை மாதிரியே நின்றது. மேஜை விளிம்பில் பித்தளை அளவுகோல் பதித்திருக்கும். உள்ளே கால் வைத்தால் கஞ்சி வாசமும் அந்துருண்டை வாசமும் ஒன்றாக வரும். இன்றைக்கும் புதுத் துணியைப் பிரித்தால் அந்துருண்டையைத் தேடுகிறது என் மூக்கு.

அந்தக் கடையில் நமக்குக் கணக்கு இருந்தது. சிவப்பு அட்டை போட்ட நீளப் பேரேட்டில் அப்பச்சி பெயரில் ஒரு பக்கம். நோம்பிக்கும் கல்யாணத்துக்கும் எடுத்த துணியெல்லாம் அதில் ஏறும். பருத்திப் பணம் வந்ததும் போய்க் கழித்துவிட்டு வருவார். நம் காட்டில் அப்போது எம்.சி.யு. பருத்திதான். அந்த மூன்று எழுத்தும் மெட்ராஸ், கம்போடியா, உகாண்டாவாம். அன்னூரைத் தாண்டாத அப்பச்சியின் காட்டில் விளைந்ததற்கு மூன்று தேசத்துப் பெயர். நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் வந்த 1932க்குப் பிறகு கோயமுத்தூரைச் சுற்றி மில்கள் முளைத்தன. ஆனால் அவை பெரும்பாலும் நூலோடு நிறுத்திக்கொண்டன. மில் துணி பம்பாயிலிருந்தும் அகமதாபாத்திலிருந்தும், மெட்ராஸ் பின்னி மில்லிலிருந்தும் வரும். நம் காட்டை விட்டுப் போனது திரும்பி வந்து நம் பெயரிலேயே பற்று எழுதிக்கொள்ளும்.

கணக்கு ஆம்பளை பெயரில் இருந்தால், துணி எடுக்கிறதும் ஆம்பளைதான். இது எனக்கு அப்போது புரியவில்லை. கணக்கு, கடன், கையெழுத்து எல்லாம் ஒரு பக்கம். கட்டிக்கொள்ளுகிற உடம்பு இன்னொரு பக்கம்.

1974இல் சித்தப்பா கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கப் போனோம். எனக்குப் பன்னிரண்டு வயது. கருக்கலில் கிளம்பி முதல் பஸ்ஸில் ஒன்பது பேர். கடையில் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் அப்பச்சி, பெரியப்பா, ஊர்ப் பெரியவர் இரண்டு பேர் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். பொம்பளைகளுக்குச் சுவரோரம் பெஞ்சு. கூறை, மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் செய்கிற இணைச்சீருக்கு அத்தைக்கு ஒரு சேலை, தலைக்குக் கட்டுகிற உருமாலை, மாமன்மாருக்கு வேட்டி என்று அப்பச்சி சீட்டைப் பார்த்து வாசிக்க, கடைக் கிழவர் துணிச் சுருளை, தான் என்பார்கள், ஒவ்வொன்றாக உருட்டிப் போட்டார். கூறை எடுக்க ஒன்றரை மணி நேரம். கட்டப்போகிற சித்தி அப்போது அவிநாசிப் பக்கம் ஒரு ஊரில் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்திருப்பாள். அந்தச் சேலையை அவள் முதலில் பார்த்தது முகூர்த்தத்தன்றுதான்.

பிள்ளைகளுக்கு ஒரே தான். காப்பிக்கொட்டை நிறத்தில் கட்டம் போட்டது. ‘அழுக்குத் தெரியாது’ என்றார் பெரியப்பா, முடிந்தது. பையன்களுக்குச் சட்டை, எங்களுக்குப் பாவாடை, மிச்சத்தில் தலையணை உறை. கல்யாண போட்டோவில் ஏழு பேரும் பேண்டு வாத்தியக்காரர்கள் மாதிரி நிற்கிறோம். நீயே அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாய்.

ஆத்தா பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதில் அப்பாரு போனதிலிருந்து வெள்ளைச் சீலை, ரவிக்கை கிடையாது. அவளுக்கு எடுக்க யாரும் எதுவும் பார்க்க வேண்டியதில்லை. கடைப் பையன் கேட்காமலேயே மல் துணியில் ஒரு சீலை கொண்டுவந்து வைத்துவிடுவான். ஆனால் துணி பார்க்க அவளைப் போல ஆள் கிடையாது. கஞ்சி போட்டு மொடமொடப்பாக்கிய துணியை இரண்டு கையாலும் கசக்குவாள், வெள்ளையாக மாவு உதிர்ந்தால் ‘உள்ள நூலே இல்லீங்க’ என்று தள்ளிவிடுவாள். வெளிச்சத்துக்குப் பிடித்து நெசவின் நெருக்கம் பார்ப்பாள். ஓரத்தில் ஒரு இழையை உருவி விளக்கில் காட்டுவாள்: பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசம், கையில் சாம்பல், பட்டு என்றால் முடி கருகுகிற வாசம், டெரிலின் கலந்திருந்தால் உருகிக் குண்டுமணியாகிவிடும். ஆம்பளைகள் மெத்தையிலிருந்து துணியை பெஞ்சுக்கு அனுப்புவார்கள், ஆத்தா விரலால் தடவித் தலையை ஆட்டுவாள் அல்லது ஆட்டமாட்டாள். தரத்துக்கு அவளைக் கேட்டார்கள். நிறத்துக்குக் கேட்கவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடுவேன். ஆத்தாவின் தகரப்பெட்டி மூடிக்கு உள்பக்கம் ஒரு லட்சுமி படம் ஒட்டியிருக்கும். கலர் கலராக, தங்க மினுக்கோடு. வெள்ளிக்கிழமை அதற்கும் சேர்த்துத்தான் சூடம். வெகுநாள் கழித்துப் படித்துப் பார்த்தால் கீழே ‘மான்செஸ்டர்’ என்று அச்சாகியிருக்கிறது. அந்தக் காலத்தில் சீமை மில்காரர்கள் நம் சாமிகளின் படத்தைச் சீட்டாக அச்சடித்துத் துணித் தானில் ஒட்டி அனுப்புவார்கள். அவளுடைய கல்யாணத் துணியோடு வந்திருக்க வேண்டும். 1932 ஜனவரியில் திருப்பூரில் குமரன் கொடியோடு அடிபட்டுச் செத்தார். ஈரோட்டில் பெரியார் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்றது அதற்கும் முன்னால். சுற்றிலும் சீமைத்துணி வேண்டாம் என்று முழங்கிய ஊரில், எங்கள் வீட்டு லட்சுமி மான்செஸ்டரிலிருந்து வந்து பெட்டிக்குள் சூடம் வாங்கிக்கொண்டிருந்தாள்.

சரி, கடைக்கு வருகிறேன். பில் போட ஆரம்பித்த நேரம். மேஜை மேல் பிரித்துக் கிடந்த தான்களில் ஒன்று மிளகாய்ப்பழச் சிவப்பில் பாப்ளின். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்க முடியாது, கேட்டால் அப்பச்சி ஒரு பார்வை பார்ப்பார். ஆத்தா எழுந்து போய் அந்தத் துணி மேல் கையை வைத்தாள். தடவவில்லை, கசக்கவில்லை, வெளிச்சத்துக்குப் பிடிக்கவில்லை. வைத்தபடி நின்றாள். பிறகு, ‘புள்ளைக்குப் பாவாடைக்கு ரெண்டரை கிழிங்க. மேல ஒரு முக்கால் சேத்துக்குங்க’ என்றாள்.

‘மீட்டரா, கஜமாங்காத்தா?’ என்றார் கிழவர். மீட்டர் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அவர் வாயில் கஜம்தான்.

‘எது பெருசோ அது.’

கிழவர் பேரேட்டைத் திருப்பினார். ஆத்தா, ‘கணக்குல எழுதாதீங்க’ என்று சொல்லி இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தாள். நெய் விற்ற காசு. மேஜை மேல் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தாள். மெத்தையில் பேச்சு நின்றுபோனது. அப்பச்சி தாடையைத் தேய்த்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். கிழவர் கத்தரியால் ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டி, இரண்டு கையாலும் பிடித்துச் சர்ரென்று கிழித்தார். நல்ல பருத்தித் துணி நூல் பிடித்துக் கிழியும். கத்தரியை ஓட்டினால்தான் கோணும்.

பஸ்ஸில், ‘முக்கால் மீட்டர் எதுக்காத்தா?’ என்று கேட்டேன். ‘துணி சுருங்கும்’ என்றாள். சுருங்கத்தான் செய்யும், சுருங்காதபடி மில்லிலேயே பக்குவப்படுத்தியது என்கிற சான்ஃபரைஸ்டு முத்திரை இல்லாத துணியை நனைத்துக் காயவைக்காமல் தைக்கக் கூடாது. ஆனால் முக்கால் மீட்டரா சுருங்கும்?

ஆறேழு மாதம் கழித்து ஒருநாள் அவள் தூங்கும்போது கொட்டைப்பாக்குத் திருட அந்தச் சுருக்குப் பைக்குள் கை விட்டேன். வெளியே பழைய வெள்ளைக் காடா. உள்பக்கம் முழுக்கச் சிவப்பு பாப்ளின், நெருக்கமான கைத்தையல். பையை மறுபடி சுருக்கி அவள் இடுப்புப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

என் கூறையும் நான் பார்க்காமல் எடுத்ததுதான். அரக்கில் பச்சைக் கரை. அப்பாவின் பெரியப்பா எடுத்தது, அவர் ரசனைக்காரர், சேலை உழைப்பும் அப்படி. ஆனால் எனக்குப் பச்சை பிடிக்காது, கண்ணு. நாற்பது வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. அப்பா இதைப் படிக்காமல் தபாலில் சேர்த்துவிட வேண்டும்.

போன வாரம் டவுன்ஹால் பக்கம் போனபோது அந்தக் கடையை எட்டிப் பார்த்தேன். பாதி போய்விட்டது, அந்தப் பாதியில் போன் உறை விற்கிறார்கள். மிச்சப் பாதியில் பள்ளிச் சீருடைத் துணியும் ஆஸ்பத்திரி வெள்ளையும். தேக்கு மேஜை அப்படியே இருக்கிறது, பித்தளைக் கோலில் எண்கள் தேய்ந்துவிட்டன. கிழவரின் பேரனாக இருக்கும், ‘என்ன வேணும்மா’ என்றான். இரண்டு மீட்டர் லாங்கிளாத், சாதா வெள்ளைப் பருத்தித் துணி, வாங்கிக்கொண்டு வந்தேன், ரொக்கம் கொடுத்து. தெருவில் மாடி மாடியாகக் கடைகள் வந்துவிட்டன, பெயர் சொல்லவில்லை. அதில் ஒன்றில் நான் எடுத்த பட்டுக்கருப்புச் சேலை முதல் அலசலிலேயே பக்கெட்டையெல்லாம் கருப்பாக்கியது. கொண்டுபோய்க் கேட்டால், ‘ஏசியில பாக்கறப்போ நல்லாத்தான் இருந்துச்சுங்க’ என்கிறான்.

மாப்பிள்ளை வீட்டில் என்ன சொன்னார்கள் தெரியுமா? ‘புள்ளையே வந்து பாத்து எடுத்துக்கட்டுங்க, நாங்க கூட வர்றோம்’ என்றார்கள். சித்திக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. நீ மாசாமாசம் சம்பளம் வாங்குகிறவள். உன் பெயரில் கார்டு இருக்கிறது, கணக்கு இருக்கிறது. நீ போய் ‘எதுன்னாலும் சரி’ என்கிறாய்.

ஐப்பசி வளர்பிறையில் ஜவுளி எடுக்க நாள் பார்த்திருக்கிறோம். நாலு நாள் லீவு எழுதிக் கொடு. முதலில் சிறுமுகை போய்த் தறியிலேயே பார்ப்போம், இங்கிருந்து பக்கம்தான். அங்கே அமையாவிட்டால் கோயமுத்தூர். மாப்பிள்ளைக்குச் சேலம் வெண்பட்டு வேட்டி, அதை அப்பா பார்த்துக்கொள்வார். சேலையை உன் கையால் தொட்டுப் பார். சிவப்பு எடு என்று நான் சொல்லமாட்டேன். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று கடையில் வைத்தே சொல்லு, மெத்தையில் யார் உட்கார்ந்திருந்தாலும் சரி.

அம்மா

பி.கு.: உன் அறை ஜன்னலுக்குத் திரை கேட்டாயே, அந்த லாங்கிளாத் அதற்குத்தான். தண்ணீரில் ஊறவைத்துக் காய்ந்துகொண்டிருக்கிறது. நீளமும் அகலமும் அளந்து அனுப்பு. டேப் இல்லை என்று முழம் போட்டு அனுப்பாதே, உன் முழம் என் முழத்தைவிட நீளம்.