ஐந்தாம் புத்தகம் எங்கே போனது

கொக்குவில்
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அப்பாவும் சுகம். வெயில் கொளுத்துகிறது, முற்றம் முழுக்க வேப்பம்பூ. கூட்டக் கூட்டக் கொட்டுகிறது.

போன கிழமை ஃபோனில் நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது. நீ அனுப்பின 'வீல் ஒஃப் ரைம்' கதைத் தொடரில் பத்தாம் புத்தகத்தில் மாட்டுப்பட்டு நிற்கிறேன் என்றதும், "அதை விடுங்கோ அம்மா. சுருக்கம் இருக்கு, அதை வாசிச்சுப்போட்டு நேரே பதினொண்டுக்குப் போங்கோ" என்றாய். நான் போகமாட்டேன். ஏன் என்று அந்த நேரம் சொல்ல வரவில்லை. சொல்ல வராத இன்னொரு சங்கதியும் இருக்கிறது, அது நீ ஏ.எல். சோதினை எடுத்த காலத்துப் பழசு. வாயால் சொல்ல வெட்கம், அதனால் எழுதுகிறேன்.

முதலில் புத்தகக் கதை.

கண் ஒப்பரேசனுக்குப் பிறகு எழுத்து வடிவாகத் தெரிகிறது. பாரம்தான் தாங்க முடியவில்லை, ஒவ்வொன்றும் செங்கல் மாதிரி. சாய்மனைக் கதிரையில் மடியில் தலையணையை வைத்து அதன் மேல் விரித்தால்தான் கை நோகாது. பக்கத்தில் ஒரு சி.ஆர். கொப்பி. அதில் பெயர்களை எழுதி வைக்கிறேன்: யார், எந்த ஊர், யாருடைய பக்கம், கடைசியாக எந்தப் புத்தகத்தில் கண்டேன். ரொபேர்ட் ஜோர்டன் தொடங்கின இந்த இங்கிலீசு மாயக்கதைத் தொடரின் பதினாலு புத்தகத்திலும் பெயர் உள்ள ஆட்கள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல். எங்கள் பகுதி வாக்காளர் இடாப்பே அவ்வளவு வராது என்கிறார் அப்பா. காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது, "இஞ்சாரும், உமக்குச் சோதினை எப்ப?" என்று கேட்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

எரிச்சலைப் பற்றி எழுதத் தொடங்கினால் இன்னொரு கொப்பி வேண்டும். அந்த நைனீவ் என்ற பெண் கோவம் வந்தால் தன் பின்னலைப் பிடித்து இழுப்பாள். முதல் புத்தகத்தில் நன்றாகத்தான் இருந்தது. நாலாம் புத்தகத்தில், அவள் இழுக்கும்போதெல்லாம் பக்க ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு எண்ணத் தொடங்கினேன். பிறகு பென்சில்தான் தேய்ந்தது. இந்நேரம் அவள் தலையில் மயிர் மிஞ்சியிருப்பதே அதிசயம். முப்பது வருஷம் இங்கிலீசுக் கட்டுரை திருத்தின கை, சிவப்புப் பேனையைத் தேடாமல் என்ன செய்யும்?

அதைவிட மோசம், நாங்கள் பாசம் வைத்த ஆளைத் தூக்கி ஒளித்து வைப்பது. என் ஆள் மட், அந்தச் சூதாட்டக்காரப் பொடியன். வாயைத் திறந்தால் பொய், ஆபத்தென்றால் முதல் ஆளாக வந்து நிற்பான். ஏழாம் புத்தகத்தின் கடைசியில் அவன் மேல் ஒரு சுவர் இடிந்து விழுகிறது. எட்டைத் திறந்து அவனைத் தேடினால், முழுப் புத்தகத்திலும் ஆள் இல்லை. ஒன்பதில்தான் நொண்டிக்கொண்டு வருகிறான். எனக்கு இந்த இடைவெளி இரண்டு மாதம். வரவர வாங்கி வாசித்த சனத்துக்கு, ஏழு வந்தது 1996 இல், ஒன்பது 2000 இல். நாலு வருஷம் ஒரு மனிதன் சுவருக்குக் கீழே! பெரின் என்ற கொல்லனின் மனுசியை எட்டாம் புத்தகத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள், பத்தாகியும் அவள் மீளவில்லை. அந்தப் பெரின் ஐந்தாம் புத்தகத்தில் தலைகாட்டவே இல்லை என்பதையும் குறித்து வைத்திருக்கிறேன். அந்த ஐந்தாம் புத்தகத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது இந்தப் பத்து. ஒன்பதின் முடிவில் பெரிய காரியமொன்று நடக்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்தைத் திறந்தேன். திறந்தால், அது நடந்த அதே நேரத்தில் மற்ற ஆட்கள் எங்கெங்கே நின்றார்கள், என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று ஒவ்வொருவராக விசாரணை நடக்கிறது. அரசியாக வேண்டிய எலெய்ன் குளிக்கிறாள். தண்ணீர் ஆறிவிடும் போலிருக்கிறது, கதை நகரவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று யோசித்தேன். எங்கள் கல்யாணத்துக்கு ஆட்களுக்குச் சொல்லுகிற மாதிரித்தான். வீட்டு ஆட்கள் மட்டும் என்று தொடங்குவோம். பெரிய மாமாவுக்குச் சொன்னால் சின்ன மாமாவை விட ஏலாது, அவருக்குச் சொன்னால் அவரின் சம்பந்தி வீட்டை விட ஏலாது, கடைசியில் மண்டபம் கொள்ளாது. கதையிலும் ஒரே ஊர்ப் பிள்ளைகள் ஐந்து பேர் வெளிக்கிடுகிறார்கள். பாதை பிரிகிறது. பிரிந்த ஒவ்வொருவருக்கும் ஒரு தோழன், ஒரு எதிரி, ஒரு படை சேர்கிறது. அத்தனை பேருக்கும் ஒவ்வொரு புத்தகத்திலும் பந்தி போட வேண்டும். பரிமாறி முடிவதற்குள் முகூர்த்தம் தப்பிப் போகிறது.

இவ்வளவு திட்டியும் தாண்டிப் போகமாட்டேன் என்கிறேன், பார். உன் அம்மப்பா கோயிலில் கந்தபுராணத்துக்குப் பயன் சொன்னவர். ஒருவர் பாட்டைப் படிக்க, இவர் பொருள் சொல்லுவார். 10,345 பாட்டு. கேட்க வருகிற கிழவிகள் எல்லாருக்கும் சூரன் என்ன ஆவான் என்று தெரியும், வருஷா வருஷம் சூரன்போரில் கண்ணால் பார்ப்பவர்கள். அப்படியிருந்தும் நாட்டு வர்ணனையில் நாலு பாட்டைத் தாண்டினால், "ஏன் ஐயா, வீட்டில உலை கொதிக்குதோ?" என்று பின்னுக்கிருந்து ஒரு குரல் வரும். சூரனின் கதையைச் சுருக்கிச் சொல்ல அரை மணித்தியாலம் போதும். அதற்கு விளக்கு ஏற்றத் தேவையில்லை.

இந்தத் தொடரிலும் ஒவ்வொரு புத்தகத்தின் முதல் அத்தியாயமும் கிட்டத்தட்ட ஒரே பந்தியோடு தொடங்குகிறது, காற்று எழும்பும் இடம் மட்டும் மாறும். எனக்கு அது காப்புச் செய்யுள். கதிரையில் நன்றாகச் சாய்ந்து கொள்வேன். யுகங்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன என்ற நினைப்பை ஜோர்டன் எங்கள் பக்கத்திலிருந்தும்தான் எடுத்திருக்கிறார், அதனால் அந்நியமாகத் தெரியவில்லை.

மின் என்று ஒருத்தி இருக்கிறாளே, ஆட்களைச் சுற்றிப் படங்கள் காண்பவள், எங்கள் சாத்திரியார் மாதிரி, ஆனால் தட்சணை கேட்கமாட்டாள். முதல் புத்தகத்தில் அவள் போகிற போக்கில் சொன்ன ஒன்று, பல புத்தகம் தாண்டிப் பலித்தது. கொப்பியைப் புரட்டிப் பழைய பக்கத்தைக் கண்டுபிடித்து, இரவு பதினொரு மணிக்குத் தனியே இருந்து சிரித்தேன். அப்பா எழும்பி வந்து, நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். சுருக்கத்தில் அந்த வரியும் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு யார் இரவு பதினொரு மணிக்குச் சிரிப்பார்கள்?

எழுதினவரின் கதை எனக்கு இன்னும் மனதில் கிடக்கிறது. முதல் புத்தகம் 1990 தையில் வந்திருக்கிறது. அந்த வருஷ நடுவில் இங்கே திரும்பச் சண்டை தொடங்கி, கரண்ட் போய், நான் ஜாம் போத்தல் விளக்கில் கொப்பி திருத்தத் தொடங்கினேன். அந்தக் காலம் முழுக்க, உலகத்தின் மற்றப் பக்கத்தில் ஒருவர் இந்த ஆட்களை நடத்திக்கொண்டே இருந்திருக்கிறார். பதினொன்றோடு ஜோர்டனுக்கு வருத்தம் முற்றி, 2007 புரட்டாதியில் காலமானார். முடிவு இப்படித்தான் என்று சொல்லியும் குறித்தும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். புத்தகங்களைச் செம்மைப்படுத்தி வந்தவர் அவரின் மனைவி ஹரியட். அவர்தான் பிரண்டன் சாண்டர்சன் என்ற இளம் எழுத்தாளரைத் தேடிப்பிடித்து மிச்சத்தை எழுதுவித்தார். ஒன்றாக வர இருந்தது மூன்றாக வந்து, 2013 தையில் முடிந்தது. எங்கள் கல்கியும் அப்படித்தான். பொன்னியின் செல்வனை 1954 வைகாசியில் முடித்தார், அந்த மார்கழியில் போய்விட்டார். பாதியில் நின்ற அமரதாராவை மகள் ஆனந்திதான் முடித்து வைத்தார். வீட்டில் ஒரு வாசகி இருந்தால் நல்லது போலிருக்கிறது.

அதனால்தான் 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' எழுதின அந்த மார்ட்டினின் தொடரை அனுப்பட்டா என்று நீ கேட்டபோது வேண்டாம் என்றேன். மூன்று என்று தொடங்கி ஏழு என்றாகி, ஐந்தாவது 2011 இல் வந்த பிறகு ஆறாவதைக் காணவில்லை. எனக்கும் வயது போகிறது, அவருக்கும் போகிறது. இந்த ஓட்டப் பந்தயத்துக்கு நான் வரவில்லை.

சரி, இப்போது ஐந்துக்கு வருகிறேன். அதற்கு முதல் இன்னும் ஒரு புத்தகத்தைச் சொல்ல வேண்டும்.

எனக்குப் பதினாலு வயதில், பெரியம்மா வீட்டு அலுமாரியில் பொன்னியின் செல்வன் இருந்தது. கல்கியில் வரவரக் கிழித்து, சேர்த்து, தைத்துக் கட்டினது. ஓரங்களில் பழைய விளம்பரங்கள், நடுவில் காய்ந்த வேப்பிலை. ஐந்து பாகத்தில் நாலாவது இல்லை. யாரோ இரவல் வாங்கிப் போய்த் தரவில்லை. மூன்றை முடித்து ஐந்துக்குத் தாவினேன். யார் எப்படி அங்கே வந்தார்கள் என்று தெரியாது, தெரிந்த மாதிரி வாசித்தேன். நாலாவது என் கைக்கு வந்தது கல்யாணம் முடிந்த பிறகு, அப்பா கொழும்பால் வரும்போது வாங்கி வந்தார். யாருக்கு என்ன நடக்கும் என்று எல்லாம் தெரிந்துகொண்டு வாசித்தேன். அடுத்தது என்ன என்ற பதற்றமே இல்லை. ஆதித்த கரிகாலன் ஒவ்வொரு முறை பேசும்போதும், இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்று பக்கத்தை மெதுவாகத் திருப்பினேன். ஐந்து பாகத்திலும் எனக்கு நெருக்கமானது இன்றைக்கும் அந்தப் பிந்தி வந்த நாலாவதுதான்.

2012 இல், உன் சோதினைக்கு மூன்று மாதம் இருக்க, உன் சிநேகிதன் மருதானைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி வந்த, இந்த ஜோர்டன் தொடரின் ஐந்தாவதை நீ இரவலாகக் கொண்டு வந்தாய். இரவு கணக்குக் கொப்பிக்குள் வைத்து வாசித்தாய். ஒரு நாள் அது காணாமல் போனது. ரியூசன் கொட்டிலில் தேடினாய், பஸ்ஸில் விட்டிருப்பேன் என்றாய், அழாத குறை. பிறகு ரோல் வாங்கித் தின்னும் காசை மிச்சம் பிடித்து அந்தப் பொடியனுக்குக் கொடுத்தாய்.

அதை எடுத்தது நான். சாமியறைத் தட்டில், குத்துவிளக்குக்குப் பின்னால் வைத்தேன். அங்கே நீ பார்க்கமாட்டாய் என்று தெரியும். சோதினை முடிந்த அன்றைக்கே தருவதாகத்தான் இருந்தேன். ஆனால் அதற்குள் நீ காசைக் கட்டிவிட்டாய். இனி எந்த முகத்தோடு எடுத்துத் தருவது? நாளைக்கு, நாளைக்கு என்று போய், நீ கனடாவுக்கும் போய்விட்டாய். அங்கே லைப்ரரியில் எடுத்து வாசித்தபோதுகூட, ஐந்தை மட்டும் தொட மனமில்லாமல் சுருக்கத்தை வாசித்துவிட்டு ஆறுக்குப் போனதாக ஒரு முறை சொன்னாய். நான் ஒன்றும் சொல்லவில்லை, குசினியில் ஏதோ கருகுது என்று ஃபோனை வைத்தேன். ஒன்றும் கருகவில்லை.

போன வருஷம் நீ ஆறிலிருந்து பதினாலு வரை வாங்கி அனுப்பினபோது, ஐந்து வேண்டாமா என்று கேட்டாய். யாழ்ப்பாணத்திலேயே கிடைத்துவிட்டது என்றேன். அது பொய் இல்லை.

சித்தியின் மகள் அடுத்த மாதம் அங்கே வருகிறாள். தூள் இரண்டு கிலோ, பனங்கட்டி, எள்ளுருண்டை, அதோடு ஐந்தாவதும் வரும். தூள் பையோடு சேர்த்துக் கட்டாதே என்று சொல்லியிருக்கிறேன். அட்டையில் விளக்கெண்ணெய்க் கறை, உள்ளே கற்பூர மணம். நீ வாசித்து நிறுத்தின இடத்தில் உன் ரியூசன் காட் அப்படியே இருக்கிறது, நான் வாசிக்கும்போதும் அதை எடுக்கவில்லை. காட்டுக்குப் பிறகு உள்ள பக்கங்களில் என் பென்சில் கோடுகள் இருக்கும், கோவிக்காதே. அந்தச் சேர்க்கஸ்காரரோடு அலைகிற பகுதி நீளம்தான், ஆனாலும் விடாதே.

காசை அந்தப் பொடியனிடம் திருப்பிக் கேட்க ஏலாது. நான் உனக்குத் தருகிறேன், எவ்வளவு என்று சொல்லு.

எலெய்ன் இன்னும் குளித்து முடியவில்லை. நான் போய் இருபது பக்கமாவது பார்க்கிறேன். பெரினின் மனுசி கிடைப்பாளா என்று மட்டும் ஒரு சொல்லு... வேண்டாம், சொல்லாதே.

அன்புடன்,
அம்மா