காயத்துக்குக் கோப்பித்தூள் வேண்டாம், மடுவத்துக்குச் சவர்க்காரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன கிழமை மருமகளுக்குச் சாப்பாடு கொண்டு தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்குப் போயிருந்தேன். நிறுவைக்கு நின்ற ஒரு பிள்ளை பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. துணியின் ஓரத்தில் ஈரக் கோப்பித்தூள். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது.

27 வருடம் தேயிலைச் செடிகளைக் கத்தரித்துவிடும் கவ்வாத்து வெட்டியவன் நான். ஒரு மழை நாளில் கத்தி வழுக்கி இடது கைச் சுட்டுவிரலில் பட்டது. ஆழமான வெட்டு இல்லை. பக்கத்து நிரையில் நின்றவர் கோப்பித்தூளை அள்ளி அப்பினார், இரத்தம் நின்றது. நாலாம் நாள் விரல் வீங்கிச் சீழ் கட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் காயத்துக்குள் ஒட்டியிருந்த தூளைக் கழுவி எடுத்த வலியை இன்னும் மறக்கவில்லை. 11 நாள் பேர் போடவில்லை, வேலைக்கே போக முடியவில்லை.

அந்த இரத்தம் தூள் இல்லாமலே நின்றிருக்கும். இதை எனக்குச் சொன்னவள் தாதியாக வேலை செய்யும் என் மகள். தோல் வெட்டுப்பட்டதும் இரத்தத்தில் உள்ள சிறுதட்டுகள் என்ற நுண்ணிய துணுக்குகள் அந்த இடத்தில் வந்து ஒட்டிக்கொள்கின்றனவாம். அவற்றின் மேல் பைபிரின் என்ற நார் வலை போலப் பின்னுகிறது. வலையில் சிக்கிய இரத்தம் காய்ந்தால் அதுதான் பொருக்கு. சுத்தமான துணியால் ஐந்து, பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தாலே சின்ன வெட்டுக்குப் போதும். அட்டை கடித்த இடம் மட்டும் ஏன் மணிக்கணக்கில் ஒழுகுகிறது என்று கேட்டேன். அட்டையின் எச்சிலில் இருக்கும் ஹிருடின் போன்ற பொருள் அந்த வலையைப் பின்னவிடாதாம். இத்தனை வருடம் அட்டைக்கடி வாங்கியும் எனக்கு இது தெரியாமல் போய்விட்டது.

அப்புறம் என் பேரன் நாங்கள் குடியிருக்கும் லயத்து வீட்டுப் படியில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். முதல் இரண்டு மூன்று நாள் சுற்றிவரச் சிவந்து லேசாகச் சுட்டது. வெள்ளையணுக்கள் கிருமியோடு மல்லுக்கட்டும் நேரம் அது. பிறகு அரிப்பு. பையன் நகத்தால் பொருக்கைக் கிளப்பினான், மறுபடி இரத்தம். பொருக்கின் அடியில் காயத்தின் ஓரங்களிலிருந்து புதுத் தோல் நடுவை நோக்கி ஊர்ந்து வந்துகொண்டிருக்கும். பிய்த்தால் அதையும் சேர்த்துத்தான் பிய்க்கிறோம். தானாக விழும்வரை விட வேண்டும்.

காயத்தைக் காற்றாட விடு, காயட்டும் என்றுதான் நம் பெரியவர்கள் சொல்வார்கள். 1962இல் ஜோர்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் தோலில் சோதித்துப் பார்த்தார். காய விட்ட காயத்தைவிட ஈரம் காக்க மூடிய காயத்தில் புதுத் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகப் படர்ந்தது. அதனால் கழுவி, கொஞ்சம் வசலின் பூசி, பிளாஸ்டர் ஒட்டுவதே நல்லது. அதற்காக மழையில் நாள் முழுக்க ஊற விடலாம் என்று நினைக்க வேண்டாம். ஊறிய தோல் வெளுத்துப் பிய்ந்துவிடும். மலையில் வேலை செய்யும்போது நனைந்த பிளாஸ்டரை வீட்டுக்கு வந்ததும் மாற்ற வேண்டும்.

மண்ணோ சாணியோ பட்ட காயம், ஆழமாகக் குத்திய காயம் என்றால் கைவைத்தியம் வேண்டாம், ஏற்பு ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) தேவையா என்று உடனே போய்க் கேளுங்கள். சீனி வியாதிக்காரர்களும் சின்னக் காயம்தானே என்று இருக்கக் கூடாது.

தோட்ட நிர்வாகங்களிடம் நான் கேட்பது பெரிய செலவு இல்லை. ஒவ்வொரு மடுவத்திலும் ஒரு சவர்க்காரக் கட்டி, சுத்தமான துணி, ஒரு பெட்டி பிளாஸ்டர். கொழுந்துக் கறை ஏறி வெடித்த விரல்களோடு நிற்கும் பெண்களுக்கு இதைக்கூடச் செய்யாமல் இருக்கலாமா? எங்கள் மடுவத்துக்குப் பின்னால் பீலித் தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை முதல் கட்டிச் சவர்க்காரத்தை நானே கொண்டுபோய் வைக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கவ்வாத்துத் தொழிலாளி,
மஸ்கெலியா.